கல்வராயன் மலையும் மூன்று மீட்டர் பாதையும்

மத்தியதரைக் கடலில் கோர்சிகா என்று ஒரு தீவு, பிரான்சுக்குச் சொந்தம். அதன் வடக்கு முனையில் மாசினாஜியோ என்ற ஊரிலிருந்து செந்தூரி வரைக்கும் பாறைக் கரையை ஒட்டியே ஒரு நடைபாதை போகிறது. ட்ரெக்கிங் கூட்டத்துக்கு ரொம்பப் பிடித்த வழி. அதன் பெயர் 'சுங்கக்காரர் பாதை'. கடத்தல் படகு எங்கே ஒதுங்குகிறது என்று பார்க்க சுங்கக் காவலர்கள் ராத்திரி பகலாக நடந்து நடந்து உண்டான தடம் அது. பிரான்சின் கரை நெடுக இப்படிப் பல பாதைகள் உண்டு. காவலர்கள் நடப்பது நின்ற பிறகு சில இடங்களில் முள் மூடிக்கொண்டது, சில இடங்களில் பங்களாக்காரர்கள் வேலி போட்டார்கள்.

அப்புறம் 1976 டிசம்பர் 31 அன்று பிரான்சில் ஒரு சட்டம் வந்தது. கடலை ஒட்டிய தனியார் நிலத்தில் 3 மீட்டர் அகலத்துக்கு, நடந்து போகிறவர்களுக்கு வழி விடவேண்டும். நிலம் உங்களுடையதுதான், ஆனால் மறிக்கக்கூடாது. பழைய வீடுகளுக்கு மட்டும் 15 மீட்டர் வரை விலக்கு.

கல்வராயன் மலைக்கும் அதே 1976தான் முக்கியமான வருஷம். அதனால்தான் ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றியது.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி வெள்ளிமலைக்கு இன்றைக்கு பஸ்ஸில் ஏறிவிடலாம். முன்பெல்லாம் ஒற்றையடிப் பாதைதான். புளி, தேன், கடுக்காய் எல்லாம் தலைச்சுமையாகக் கீழே இறங்கும். உப்பும் துணியும் மேலே ஏறும். நடந்தவர்கள் மலையாளி பழங்குடிகள். (கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர் என்று பொருள். காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகத் தங்கள் கதையில் சொல்வார்கள்.)

பாதை அவர்கள் கால் போட்டது, ஆனால் மண் அவர்களுடையதாக இல்லை. பழைய தென்னார்க்காடு பக்கம் சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன் முதலான மூன்று ஜாகீர்கள், சேலம் பக்கம் தனி ஜாகீர்கள். ஜனங்கள் வரியும் கொடுத்து, ஜாகீர்தாருக்குக் கூலியில்லாமல் வேலையும் செய்தார்கள். சென்னை மாகாணம் ஜமீன் ஒழிப்புச் சட்டம் போட்டது 1948-ல். இனாம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் 1963-ல். மலையில் ஜாகீர் போனதோ 1976-ல், எமர்ஜென்சி சமயத்தில். கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் அந்த வருஷத்ததுதான். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, கீழே நாடு சுதந்திரம் வாங்கி 29 வருஷம் ஆகியிருந்தது.

ஜாகீர் போனபின் காடு வனத்துறை கைக்கு வந்தது. 1980-ல் வனப் பாதுகாப்புச் சட்டம். காட்டு நிலத்தை வேறு எதற்குப் பயன்படுத்தவும் மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். சட்டம் நல்ல சட்டம்தான், அது இல்லையென்றால் பாதிக் காடு எப்போதோ போயிருக்கும். ஆனால் தாத்தா காலத்திலிருந்து நடக்கிற தடத்தில் நாலு லோடு ஜல்லி கொட்டுவதும் அதே சட்டத்துக்குள் வந்துவிட்டது. பிரசவ வலி வந்தால் தூளி கட்டித் தூக்கிப் போவது எத்தனையோ குக்கிராமங்களில் தொடர்ந்தது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதன் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலை பற்றித் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை எங்கே, மருத்துவ வசதி எங்கே என்று அரசிடம் கேட்டது. அங்கே கடத்தல்காரனைத் தேடிப் போனவர்கள் பாதையை உண்டாக்கினார்கள் என்றால், இங்கே பாதை இல்லாத மக்களை ஊர் கவனிக்கவே ஒரு சாராயச் சாவு தேவைப்பட்டது.

சட்டத்தில் வழியே இல்லையா? இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 3(2). சாலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி மாதிரி 13 வகை வசதிகளுக்கு, கிராமசபை பரிந்துரைத்தால், வசதி ஒன்றுக்கு 1 ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தை விடலாம். வெட்டுகிற மரம் ஹெக்டேருக்கு 75-ஐத் தாண்டக்கூடாது.

இஞ்சினியர் புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1 ஹெக்டேர் என்றால் 10,000 சதுர மீட்டர். பிரெஞ்சுக்காரர்களின் 3 மீட்டர் அகலம் போதுமென்றால் கிட்டத்தட்ட 3.3 கிலோமீட்டர் கிடைக்கும். ஆனால் ஆம்புலன்ஸ் ஏறவேண்டும். பக்க வாய்க்கால், வளைவில் கூடுதல் இடம் எல்லாம் சேர்த்து 6 மீட்டர் என்று வையுங்கள், 1.67 கிலோமீட்டர்தான். மலைச் சாலைக்கு இருபதுக்கு ஒன்று என்ற சரிவில் போட்டால், அத்தனை நீளத்தில் ஏறக்கூடிய உயரம் 83 மீட்டர். காலால் ஏறுகிற பாதை நாலுக்கு ஒன்று என்று செங்குத்தாகப் போகும். அதே உயரத்தை 330 மீட்டரில் ஏறிவிடும். தூளியைத் தூக்குகிறவர்கள் ஏறி இறங்குவது அதில்தான்.