சத்திரத்துச் சோறும் கடைப் பலகாரமும்

ஸ்பெயின் தேசத்து மதுக்கடைகளில் 'தாபாஸ்' என்று சிறு சிறு தட்டுகளில் பலகாரம் வைப்பார்கள். 'தாபா' என்றால் மூடி. மதுக் கிண்ணத்தில் ஈ விழாதபடி ஒரு துண்டு ரொட்டியால் மூடிக் கொடுத்ததிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்று ஒரு கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, என் மனசைக் கவர்ந்தது வேறு விஷயம். அங்கே இலையும் இல்லை, பந்தியும் இல்லை. முன்பின் அறியாதவனோடு தோள் உரச நின்றபடியே தின்கிறார்கள்.

நரிக்குடிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்லுகிறேன்.

அந்த வானம் பார்த்த சீமையிலே, நரிக்குடிக்குப் பக்கத்து முக்குளத்தில் பிறந்தவர்கள் மருது சகோதரர்கள். ராமேசுவரம் போகும் யாத்ரீகர்களுக்காக நரிக்குடியில் அவர்கள் ஒரு சத்திரம் கட்டினார்கள். 1801 அக்டோபர் 24-ந் தேதி கும்பினியார் அவர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். கட்டியவர்கள் போனார்கள், கட்டடம் நின்றது.

சோற்றை விற்பது பாவம் என்று ஜனங்கள் நம்பிய காலம் அது. பிறகு 1902-ல் மதுரையிலிருந்து மண்டபத்துக்கு ரயில் வந்தது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்தது. கால்நடை யாத்திரை குறைந்தது. சத்திரங்களின் மவுசும் குறைந்தது. காபி கிளப்புகள் பெருகின.

பழைய தர்மம் போயிற்றே என்று வருந்தலாம். ஆனால், அந்தத் தர்மத்துக்கும் ஒரு மறுபக்கம் உண்டல்லவா? அன்னம் இடுகிறவன் கையிலே பந்தியும் இருந்தது. பல சத்திரங்களில் பிராமணர்களுக்குத் தனிச் சமையல், தனிப் பந்தி. இன்னும் சிலருக்கு வாசற்படியே எல்லை.

காசு கொடுத்து வாங்கித் தின்றால் இந்தப் பேதம் ஒழிந்துவிடும் என்று எண்ணத் தோன்றும். அப்படி ஒழியவில்லை. ஹோட்டல்களில் தனி இடம் இருந்தது. கிராமத்து டீக்கடைகளில் இரட்டைத் தம்ளர் இருந்தது. 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு, சாதியின் பேரால் யாரையும் உணவு விடுதியில் தடுக்கலாகாது என்றது. அப்புறமும் ஏழு வருஷம் கழித்து, 1957-ல், திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அழிப்பதற்காகப் பெரியார் கிளர்ச்சி நடத்த வேண்டியிருந்தது. பலர் சிறை சென்றார்கள்.

டீயும் வடையுமாக நாம் கடை வாசலில் நின்று தின்பதும் ஒரு வகையில் தாபாஸ்தான். அந்த இடத்துக்கு வந்து சேர நமக்கு எத்தனை காலம் பிடித்தது!

பசித்தவனுக்குச் சோறு போடுவது பெரிய தர்மம்தான். அவன் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்லும் அதிகாரத்தை விட்டுக்கொடுப்பது, அதைவிடக் கஷ்டமான தர்மம் என்று எனக்குப் படுகிறது.