பெயர் பெறாத ஈக்கள்: முத்துக்குளித்துறையின் பூச்சிப் பதிவு வரலாறும் மணப்பாடும்

முன்னுரை

சிப்பியிலிருந்து முத்தைப் பிரித்தெடுத்தவர் யார் என்னும் வினாவிற்குப் பரதவர், வணிகர், கூலியாட்கள் என்று முத்துக்குளிப்பு வரலாறுகள் விடை கூறும். அவ்விடை முழுமையானதன்று. கரை சேர்ந்த சிப்பிகளைச் சிறு வணிகர் உடனே கத்தியால் திறந்து பார்த்தனர். பெருந்தொகைக்கு ஏலம் எடுத்தவர்களோ வேலியடைத்த வெளியில் குவித்து அழுகவிட்டனர். ஈக்கள் மொய்த்து முட்டையிட்டன. புழுக்கள் சில நாள்களில் தசையைத் தின்று தீர்த்தன. எஞ்சிய கழிவைக் கடல்நீர் நிரப்பிய வள்ளங்களில் இட்டு அலசி முத்தைப் பொறுக்கினர். கத்திக்குத் தப்பும் கடுகளவு முத்தும் இம்முறையில் அகப்பட்டது. ஆதலால், முத்துமுகாமில் ஈ ஒரு தொல்லையாக மட்டும் இருக்கவில்லை. உற்பத்தியின் ஒரு கண்ணியாகவும் இருந்தது.

ஆயினும், அந்த ஈயின் சிற்றினம் எது என்று உறுதிப்படுத்துவதில் அக்காலத்தார் அக்கறை காட்டியதாகத் தெரியவில்லை. வருவாய் தந்த உயிர் கணக்கெடுக்கப்பட்டது. வருவாயை அழித்த உயிர் பின்னர் ஆராயப்பட்டது. இரண்டிலும் சேராதது பதிவின்றிப் போனது. இந்தப் பதிவுமுறை இன்றைய பூச்சிப் பாதுகாப்பு வரை தொடர்வதை மணப்பாட்டுப் பகுதியை முன்னிறுத்தி இக்கட்டுரை ஆராய்கிறது.

கடலின் கணக்கு

மணப்பாடு பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை 1542இல் இக்கடற்கரைக்கு வந்த பிரான்சிசு சவேரியாரையும், மணற்குன்றின் மீதுள்ள திருச்சிலுவை ஆலயத்தையும், பரதவரின் ஏழு ஊர்களுள் ஒன்று என்னும் தகுதியையும் பற்றியவை. இதே கடற்கரையின் கடலுயிர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேறொரு வகை எழுத்தில் இடம்பெறத் தொடங்கின. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1889ஆம் ஆண்டுத் தூத்துக்குடி முத்துக்குளிப்பை நேரில் கண்டு எழுதினார். மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்புகள் குறித்த அவரது ஆய்வு 1894இல் அருங்காட்சியகத்தின் முதல் அறிக்கை இதழாக வெளிவந்தது. இலங்கை அரசுக்காக ஹெர்ட்மன் தயாரித்த முத்துச்சிப்பி அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக அச்சேறியது. அப்பணியில் உடனிருந்த ஜேம்ஸ் ஹார்னெல் பின்னர்ச் சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநரானார்.

பார்களின் ஆழம், சிப்பியின் வயது, அதை உண்ணும் மீன்கள், அதைத் துளைக்கும் கடற்பஞ்சுகள் என இவ்வறிக்கைகளின் நுணுக்கம் வியப்பளிக்கிறது. சிப்பியின் உடலில் வாழும் ஒட்டுண்ணிப் புழுவுக்கும் முத்துக்கும் உள்ள தொடர்பு பற்றி நீண்ட விவாதமே நடந்தது. கரையேறியதும் அந்நுணுக்கம் தளர்ந்துவிடுகிறது. அழுகும் சிப்பிக் குவியலின் நாற்றமும் ஈக்கூட்டமும் முகாம் வாழ்க்கையின் வருணனையாகவே நின்றுவிடுகின்றன. மீன் காயும் களங்களில் வெப்பமண்டல ஆசியா எங்கும் மிகுந்து காணப்படும் செங்கண் நீல ஈயான கிரைசோமியா மெகாசெபலாவை இங்கு ஊகிக்க இடமுண்டு. ஆனால், ஊகம் மாதிரிக்கு ஈடாகாது. ஊசியில் குத்தி, இடமும் நாளும் எழுதி வைக்கப்பட்ட ஓர் ஈ, பல பக்க வருணனை தராத உறுதியைத் தரும்.

தரங்கம்பாடியின் மாறுபாடு

ஈக்கு அறிவியற்பெயர் தரும் வழக்கம் தமிழகக் கடற்கரைக்குப் புதியதன்று. லின்னேயசின் மாணவரான யோகான் கெர்கார்டு கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். தஞ்சைப் பகுதிக் கறையான்கள் பற்றிய அவரது கட்டுரை 1779இல் பெர்லினில் வெளியாயிற்று. (கறையானையும் எறும்பையும் மூவறிவுயிராக வகுத்த தொல்காப்பிய மரபியலை அவர் அறிந்திருப்பின் அக்கட்டுரை இன்னும் சுவையாக அமைந்திருக்கும்.) கோனிக்கும், பின்னர் அங்கிருந்த தால்டார்ஃபும் சேகரித்த பூச்சிகள் ஐரோப்பா சென்று யோகான் கிறிஸ்தியன் ஃபப்ரீசியசின் கைக்கு எட்டின. தமிழ் அகராதி தொகுத்த யோகான் பிலிப் ஃபப்ரீசியசினின்று இவர் வேறானவர். பெயரொற்றுமையால் இருவரையும் மயங்குதல் கூடாது. பூச்சியியலார் ஃபப்ரீசியஸ் இந்தியாவிற்கு வந்ததேயில்லை. ஆயினும், மேற்குறித்த செங்கண் ஈக்கு 1794இல் பெயரிட்டவர் அவரே. 1805இல் இருசிறகிப் பூச்சிகளுக்கெனத் தனிநூலும் எழுதினார்.

இப்பதிவுகளிலும் ஒரு குறை உண்டு. ‘கிழக்கிந்தியா’ என்னும் ஒற்றைச் சுட்டுடன் பல பூச்சிகள் பெயர் பெற்றன. பெயர் கிடைத்தது, வாழிடம் தொலைந்தது. மணப்பாட்டில் நேர்ந்தது இதற்கு நேர்மாறானது: இடத்தின் வருணனை உண்டு, பூச்சியின் பெயர் இல்லை. ஓர் உயிர் ஓரிடத்தில் குறைந்ததா, அழிந்ததா என அறிய இரண்டும் சேர்ந்த பதிவு வேண்டும்.

பகைவராகப் பதிவு பெற்றவை

20ஆம் நூற்றாண்டில் பதிவின் நோக்கம் வேளாண்மைக்கு மாறியது. பெயின்பிரிஜ் பிளெட்சர் 1914இல் வெளியிட்ட தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய நூல், பொருளாதார நோக்கில் எழுதப்பட்டதெனத் தலைப்பிலேயே அறிவிக்கிறது. தி. வி. ராமகிருஷ்ண ஐயரின் தென்னிந்தியப் பொருளாதாரப் பூச்சியியல் கையேடு 1940இல் வந்தது. அதே ஆண்டில் ‘பிரித்தானிய இந்திய விலங்கினம்’ வரிசையில், அழுகலில் முட்டையிடும் ஈக்குடும்பத்திற்கான தொகுதியை சீனியர்-வைட்டும் பிறரும் வெளியிட்டனர். முத்துமுகாமின் ஈயை இனங்காண உதவும் திறவுகோல் அப்போதுதான் கைக்கு வந்தது எனலாம். தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்புகளோ 1955க்கும் 1961க்கும் இடையில் நடந்து முடிந்தன. ஆய்வுக்களமே அதனுடன் மறைந்தது.

மணப்பாட்டின் உள்நிலத்துப் பனங்காடுகளும் இதே நோக்கிலேயே பூச்சியியலுக்குள் வந்தன. பனையைக் குடையும் காண்டாமிருக வண்டும் சிவப்புக் கூன்வண்டும் நூல்களில் இடம்பெற்றன. பதநீர்க் கலயத்தை மொய்க்கும் ஈக்கும், தேரிச் செம்மணலில் குழி பறித்து எறும்புக்குக் காத்திருக்கும் குழியானைக்கும், ஈக்களைப் பிடித்து மணல்வளையில் குஞ்சுக்கு இரையாக்கும் குளவிக்கும் அந்த வாய்ப்புக் குறைவு. அவை எவருக்கும் நட்டம் விளைவிக்கவில்லை.

பாதுகாப்பின் முன்நிபந்தனை

1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் பூச்சிகளுக்குள் வண்ணத்துப்பூச்சிகளே பெரும்பங்கு பெறுகின்றன. 2019இல் தமிழ்நாடு தன் மாநில வண்ணத்துப்பூச்சியாகத் தமிழ் மறவனை அறிவித்தது வரவேற்கத்தக்கதே. அழகுக்குக் கிடைக்கும் இவ்விடம் ஈக்கு எளிதில் கிடைக்காது. 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா, தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடைப்பட்ட தீவுகளைச் சார்ந்தது. தெற்கே மணப்பாட்டு மணற்குன்றுகள் அதில் அடங்கவில்லை.

பழைய பதிவின் பயனை ஜெர்மனியின் கிரெஃபெல்டு ஆய்வு காட்டியது. 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில் 27 ஆண்டுகள் வலைக்கூடாரப் பொறிகளில் சேகரித்த பூச்சிகளை எடையிட்டு, பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை முக்கால் பங்கிற்கும் மேல் குறைந்ததை 2017இல் வெளியிட்டனர். சேகரித்தவர்களுள் பலர் தொழில்முறை ஆய்வாளர் அல்லர். ஆண்டுதோறும் ஒரே முறையில் பொறி வைத்ததும், மாதிரிகளைக் கழிக்காமல் காத்ததுமே அவர்களின் வலிமை.

மணப்பாட்டிற்கு அண்டையிலுள்ள குலசேகரன்பட்டினத்தில் விண்வெளி ஏவுதளத்திற்கு 28 பிப்ரவரி 2024 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. உடன்குடியில் அனல்மின் திட்டம் எழுகிறது. நிலம் மாறும் வேளையில், மாறுவதற்கு முந்தைய நிலையைப் பதிய இருக்கும் காலம் குறுகியது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் உள்ளாட்சிதோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைக் கோருகிறது. அதன் படிவங்களில் பயிரழிக்கும் பூச்சிகளுக்குத் தனியிடம் உண்டு. 1914இன் கண்ணோட்டம் அங்கும் தொடர்கிறது. ஆனால், பதிவேட்டை விரிப்பதற்குத் தடையில்லை. கருமேனியாற்று முகத்துவாரம், அடம்பு படர்ந்த மணல்மேடு, கருவாட்டுக் களம், பனங்காடு ஆகிய நான்கு இடங்களில் பருவந்தோறும் பொறி வைத்து, கிடைத்தவற்றை இடம், நாள், சேகரித்தவர் பெயருடன் பதப்படுத்தலாம். களத்தில் கருவாடு காயவைக்கும் பெண்கள் எந்த ஈ எக்காற்றில் மிகும், எது மீனில் புழு வைக்கும் என்று பிரித்தறிபவர்கள். அவர்கள் வழங்கும் பெயர்களையும் அதே சீட்டில் எழுத வேண்டும்.