பத்து மில்லிகிராம்

புதிய மருந்து ஒன்றை முதன்முதலில் விழுங்குகிறவருக்கு அதனால் பெரும்பாலும் நன்மை கிடைப்பதில்லை. கேட்கக் கொடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால், 'எவ்வளவு கொடுத்தால் உடம்பு தாங்கும்?' என்பதுதான் முதற்கட்டப் பரிசோதனையின் கேள்வி. நோய் தீருமா என்பது அப்புறம்.

ஓலாபரிப் என்ற மருந்தின் கதையைப் பாருங்கள். அதன் மூல யோசனை ஈக்களிடமிருந்து வந்தது! தனித்தனியே தீங்கு செய்யாத இரண்டு பரம்பரைக் கூறுகள் ஒன்றுசேர்ந்தால் பழ ஈ மடிந்துவிடுகிறது என்ற விசித்திரத்துக்கு, 1946-இல் தாப்ஷான்ஸ்கி என்ற விஞ்ஞானி பெயர் சூட்டினார். 2005-இல் லண்டனிலும் ஷெபீல்டிலும் இரு குழுவினர் அதே சங்கதியைப் புற்றுநோய்க்குப் பொருத்திக் காட்டினார்கள்.

நம் உயிரணுக்களில் உள்ள டி.என்.ஏ. இழை தினந்தோறும் சேதமாகிறது. அதைச் செப்பனிட உடம்பில் பல வழிகள் உண்டு. பி.ஆர்.சி.ஏ. என்ற மரபணு பழுதாகப் பிறந்தவர்களின் புற்று அணுக்களில் ஒரு வழி அடைபட்டிருக்கும். செப்பனிடும் வேலையில் பங்குள்ள 'பார்ப்' என்ற நொதியையும் மருந்தால் தடுத்துவிட்டால் அந்த அணு மடியும். அதே மனிதரின் நல்ல அணுக்களில் அம்மரபணுவின் ஒரு பிரதி செம்மையாக இருப்பதால் அவை தப்பும். எதிரியின் வீட்டு விரிசலையே ஆயுதமாக்கும் இந்தத் தந்திரத்தைச் சாணக்கியர் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

லண்டன் ராயல் மார்ஸ்டன் ஆஸ்பத்திரியும் ஆம்ஸ்டர்டாமின் புற்றுநோய் நிலையமும் சேர்ந்து 60 நோயாளிகளிடம் இதைச் சோதித்தன. எல்லாரும் நோய் முற்றியவர்கள். முதலில் வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம். பின்னால் வந்தவர்களுக்குப் படிப்படியாக ஏற்றினார்கள். வேளைக்கு 600 வீதம் இருவேளை என்றபோது உடம்பு மறுத்தது, 400-க்கு இறங்கினார்கள். 2009-இல் முடிவுகள் வெளிவந்தன. பி.ஆர்.சி.ஏ. பழுதுள்ளவர்களிடம் மட்டுமே கட்டி சுருங்கியிருந்தது. அவர்களில் கணக்கில் கொண்ட 19 பேரில் 12 பேருக்கு, கட்டி சுருங்கியோ வளராமல் நின்றோ, பயன் தெரிந்தது. சிலருடைய புற்று அணுக்கள் பழுதைத் தாமே சரிசெய்துகொண்டு மருந்தை ஏமாற்றிவிடும் என்பதும் விஞ்ஞானிகளுக்குத் தெரிந்த விஷயந்தான்.

அந்த அறுபது பேரின் பெயர்கள் ஆராய்ச்சிக் கட்டுரையில் இல்லை; எண்ணிக்கைதான் உண்டு. 2014 டிசம்பரில் சினைப்பைப் புற்றுக்கு இம்மருந்தை அமெரிக்க அரசு அனுமதித்தது. அப்போது அது 50 மில்லிகிராம் குளிகையாக வந்தது. வேளைக்கு 8, நாளுக்கு 16. முதலில் விழுங்கியவர்களுக்குக் கிடைத்தது, அந்தக் குளிகை ஒன்றில் ஐந்தில் ஒரு பங்கு.