ஆபீஸ் மெயிலும் ரெண்டு தீர்ப்பும்

நண்பர் ஒருத்தர் ஆபீஸ் ஐடியில இருந்தே வேறொரு கம்பெனிக்கு ரெஸ்யூமே தட்டிவிட்டார். மறுநாள் மேனேஜர் கூப்பிட்டு, "எப்ப கிளம்பறீங்க?"ன்னு கேட்டாராம். "என் மடலை இவங்க எப்படிப் படிக்கலாம்?"ங்கிறது நண்பரோட புலம்பல். கேள்வி பழசு மக்களே.

அமெரிக்காவில் பில்ஸ்பரி நிறுவனம், மின்னஞ்சல்கள் ரகசியமாக இருக்கும், அதை வைத்து யாரையும் வேலையை விட்டு நீக்க மாட்டோம் என்று ஊழியர்களுக்கு உறுதி சொல்லியிருந்தது. 1994 அக்டோபரில் ஒரு மேலாளர் அதை நம்பி, தன் மேலதிகாரியோடு மடலில் கன்னாபின்னாவென்று எழுதினார். 1995 பிப்ரவரியில் வேலை காலி. 1996-ல் பென்சில்வேனியா கூட்டாட்சி நீதிமன்றம், கம்பெனி மொத்தமும் புழங்கும் மின்னஞ்சலில் அந்தரங்கத்தை எதிர்பார்க்க முடியாது என்றது. கொடுத்த வாக்கு? அது காற்றோடு போச்சு.

அடுத்தது ருமேனியா. 2007 ஜூலையில் ஒரு பொறியாளரின் யாஹூ மெசஞ்சரை முதலாளி கண்காணித்தார். அண்ணன் தம்பி பேச்சு, வருங்கால மனைவியோட பேச்சு எல்லாம் சேர்த்து 45 பக்கம் அச்செடுத்தார்கள். ஆகஸ்டில் வேலை போனது. உள்ளூர் நீதிமன்றங்களில் தோல்வி. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்திலும் 2016-ல் தோல்வி. கடைசியில் 2017 செப்டம்பர் 5 அன்று, அதன் பெரிய அமர்வில் 11-க்கு 6 என்று ஜெயித்தார். கண்காணிக்கலாம், ஆனால் எதை, எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் சாரம்.

பத்து வருஷ அலைச்சல். இழப்பீடு கிடையாது, செலவுத்தொகை மட்டும்.

வேலை தேடுறது தப்பே இல்லீங்க. சொந்த ஐடியில, சொந்த போன்ல தேடுங்க, அவ்ளோதான்.