47 ஜோடிச் செருப்பு



கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு படித்துக்கொள்ளலாம். வருகைப் பதிவு எடுக்கப் போவதில்லை.

என்னிடம் படித்த ஒருவர், இப்போது ஒரு சபையில் கமிட்டி உறுப்பினர், போன வாரம் போனில் கேட்டார்: "சார், கடவுள் மனிதர்களைக் கவனித்துக்கொள்கிறார் என்று ஞாயிறுதோறும் கேட்கிறோம். ஆதித் திருச்சபை அதை எப்படிப் புரிந்துகொண்டது? ஏதாவது ஆதாரம் இருக்கிறதா?" போதகரிடம் கேட்க வேண்டிய கேள்வியை வரலாற்று வாத்தியாரிடம் கேட்டுவிட்டார். பிரசங்கம் எனக்கு வராது. ஆனால் ஆதாரம் என்று கேட்டுவிட்டாரே, ஒரு பட்டியலைக் காட்டலாம்.

கி.பி. 303, மே 19. வட ஆப்பிரிக்காவில் சிர்ட்டா என்ற நகரம். இன்றைய அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரம்தான் அது. ரோமப் பேரரசன் டயோக்ளீஷியன் அந்த ஆண்டின் தொடக்கத்தில் போட்ட உத்தரவு: கிறிஸ்தவர்களின் ஆலயங்களை இடிக்க வேண்டும், வேதப் புத்தகங்களைப் பிடுங்கி எரிக்க வேண்டும். சிர்ட்டாவின் நகர அதிகாரி முனாட்டியஸ் ஃபெலிக்ஸ் எழுத்தர்களைக் கூட்டிக்கொண்டு கிறிஸ்தவர்கள் கூடும் வீட்டுக்கு வருகிறான். பிஷப் பவுலஸ் உட்கார்ந்திருக்கிறார். பொருள்களை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவரச் சொல்கிறார்கள். எழுத்தர் எழுதிக்கொண்டே போகிறார். நம் ஊர் ஜப்தி மாதிரியேதான்.

தங்கக் கிண்ணம் 2. வெள்ளிக் கிண்ணம் 6. வெள்ளிக் குடம் 6. வெள்ளியில் ஒரு சமையல் பாத்திரம். வெள்ளி விளக்கு 7. வெண்கல விளக்குகள், குத்துவிளக்குத் தண்டுகள். இதுவரை எந்தக் கோவிலிலும் இருக்கக்கூடியவை. அதற்கு அப்புறம்தான் பாருங்கள். பெண்கள் அணியும் அங்கி 82. தலைமூடும் துணி 38. ஆண்கள் அங்கி 16. ஆண்கள் செருப்பு 13 ஜோடி. பெண்கள் செருப்பு 47 ஜோடி. சாப்பாட்டு அறைக்குப் போனால் அங்கே பெரிய மிடாக்கள் 4, ஜாடிகள் 6.

புத்தக அலமாரி மட்டும் காலி. வேதப் புத்தகங்களை வாசகர்கள் தங்கள் தங்கள் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார்கள்.

வகுப்பில் நான் அடிக்கடி சொன்னது சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். ராஜாவின் மெய்க்கீர்த்தியைவிடக் கணக்குப் பிள்ளையின் ஏட்டை நம்பு என்பேன். மெய்க்கீர்த்தி தன்னைப் பற்றித் தானே பேசும். கணக்கு அப்படியில்லை. இந்தப் பட்டியலை எழுதியவன் கிறிஸ்தவர்களைப் பெருமைப்படுத்த வந்தவன் அல்ல. பறிமுதல் செய்ய வந்தவன். அவன் எழுதி வைத்ததிலிருந்துதான் அந்தச் சபை தன் உக்கிராண அறையில் எதைச் சேர்த்து வைத்திருந்தது என்று நமக்குத் தெரிகிறது. ஆண்களுக்கு 13 ஜோடிச் செருப்பு, பெண்களுக்கு 47 ஜோடி. பெண்களுடையது மூன்று மடங்குக்கும் மேல். எனக்கு இதில் விதவைகள்தான் தெரிகிறார்கள். ஆதரவற்று வருகிற பெண்ணுக்கு உடுத்த ஒரு அங்கி, தலைக்கு ஒரு துணி, காலுக்கு ஒரு செருப்பு.

இது என் கற்பனை என்று யாரும் நினைக்க வேண்டாம். அதற்கு அரை நூற்றாண்டு முன்பு, 251-இல், ரோமாபுரி பிஷப் கொர்னேலியு அந்தியோகியா பிஷப்புக்கு எழுதிய கடிதத்தில் தன் சபையின் கணக்கைச் சொல்கிறார். மூப்பர்கள் 46, டீக்கன்கள் 7, உதவி டீக்கன்கள் 7, மற்ற ஊழியர்கள் ஏறக்குறைய நூறு பேர். விதவைகளும் வறியவர்களும் 1,500-க்கும் மேல். இத்தனை பேரையும் ஆண்டவரின் கிருபை போஷிக்கிறது என்று எழுதுகிறார். படிக்கும்போது இந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். கிருபை போஷிக்கிறது என்கிற அதே மூச்சில் தலை எண்ணிக்கையும் வருகிறது. கடவுள் பார்த்துக்கொள்வார் என்று அவர் சொன்னால், எத்தனை பேருக்கு இன்றைக்கு உலை வைக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு சொல்கிறார்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. சிர்ட்டா பட்டியல் நம் கைக்கு வந்தது ஒரு ஊழல் வழக்கின் புண்ணியத்தில். அன்றைக்கு வெள்ளிப் பொருள்களை எடுத்துக் கொடுத்தவர்களில் சில்வானு என்ற உதவி டீக்கன் ஒருவன். பின்னாளில் அவனே பிஷப் ஆகிவிட்டான். நுந்தினாரியு என்ற டீக்கனுக்கும் அவனுக்கும் தகராறு வந்து, 320-இல் விவகாரம் ஆளுநர் செனோபிலுவிடம் போனது. அங்கே பழைய ஜப்திப் பதிவை எடுத்து வாசித்தார்கள். அதே விசாரணையில் இன்னொன்றும் வெளியே வந்தது. லூசில்லா என்ற பணக்காரச் சீமாட்டி கொடுத்த 400 பணப்பைகளை பிஷப்புகள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஏழைகளுக்குக் காலணாகூடப் போகவில்லை. ஆதித் திருச்சபை என்றவுடன் எல்லோரும் வெள்ளை அங்கி உடுத்திய தேவதூதர்கள் என்று எண்ண வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். ஆனாலும், ஏழைக்குப் போக வேண்டிய பணம் போகவில்லை என்பது குற்றச்சாட்டாக நின்றது என்பதைக் கவனியுங்கள். அது யார் பணம் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை.

சரி, கிண்ணங்களுக்கு வருவோம்.

டயோக்ளீஷியன் போனான், கான்ஸ்டன்டைன் வந்தான். சபைக்குத் தங்கமும் வெள்ளியும் நிலமும் அரசனிடமிருந்தே வந்து குவிந்தன. துன்பம் போய்ச் செல்வம் வந்ததும் புதிய கேள்வி ஒன்று பிறந்தது. நற்கருணைப் பாத்திரம் பரிசுத்தமானது; பசித்தவனும் கடவுளுடைய பிள்ளை. இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால்?

378, ஆகஸ்ட் 9. அத்ரியானோபிள் போரில் கோத்தியர்கள் ரோமப் படையை நொறுக்கினார்கள். பேரரசன் வாலென்ஸே களத்தில் மாண்டான். சிறைப்பட்டவர்களுக்கு விலை பேசப்பட்டது. அப்போது மிலான் நகர பிஷப் அம்புரோஸ் சபையின் பாத்திரங்களை உடைத்து உருக்கி, அந்தப் பணத்தில் கைதிகளை மீட்டார். உடனே எதிர்ப்பு. அவருக்கு வேண்டாத ஆரியக் கட்சிக்காரர்கள், புனிதப் பொருளைப் பாழாக்கிவிட்டான் என்று கூச்சல் போட்டார்கள். (கமிட்டி அரசியல் அப்போதும் உண்டு.) சில ஆண்டுகள் கழித்து, குருமார்களின் கடமைகள் பற்றி எழுதிய நூலில் அம்புரோஸ் அதற்குப் பதில் சொல்கிறார். அவர் வாதத்தின் சாரம் இது: பொன் இல்லாமலே அப்போஸ்தலர்களை அனுப்பியவர், பொன் இல்லாமலே சபையைக் கூட்டினார். சபையில் பொன் இருப்பது பூட்டி வைக்க அல்ல, தேவைப்படும்போது கொடுக்க. உயிருள்ள பாத்திரங்களைக் காப்பது உலோகப் பாத்திரத்தைக் காப்பதைவிட மேல்.

தமிழில் 'மீட்பு' என்றால் இரண்டு பொருள். ஆத்துமாவுக்கும் அதே சொல், அடகு வைத்த நகைக்கும் அதே சொல். லத்தீனிலும் அப்படித்தான். பாத்திரத்தில் இருக்கும் இயேசுவின் இரத்தமும் மனிதரை மீட்டது, இப்போது பாத்திரமும் மீட்கிறது என்று அம்புரோஸ் அந்தச் சொல்லை வைத்தே எதிராளிகளின் வாயை அடைத்தார். நடைமுறை தெரிந்தவரும்கூட. பாத்திரத்தை அப்படியே விற்கக் கூடாது, உடைத்து உருக்கித்தான் கொடுக்க வேண்டும் என்றார். இல்லாவிட்டால் அது யார் வீட்டு விருந்துக்குப் போய்ச் சேருமோ!

புனித லாரன்ஸ் கதையைச் சொல்பவரும் இவரே. ரோமாபுரி டீக்கன் லாரன்ஸிடம் சபையின் பொக்கிஷத்தைக் காட்டு என்று கேட்டார்களாம். அவர் ஏழைகளைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாராம். லாரன்ஸ் 258-இல் இறந்தவர். அம்புரோஸ் எழுதுவது நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. அதனால் அந்தக் காட்சி அப்படியே நடந்தது என்று நான் பரீட்சைத் தாளில் எழுத மாட்டேன். ஆனால் அதே 250-களில் கார்த்தேஜ் பிஷப் சிப்பிரியான், நுமிதியாவில் கொள்ளையர் பிடித்துப்போன கிறிஸ்தவர்களை மீட்க 1,00,000 செஸ்டர்ஸ் வசூலித்து அனுப்பிய கடிதம் இருக்கிறது. இன்னொரு முறை இப்படி நேர்ந்தால் தயங்காமல் எழுதுங்கள் என்றும் அதில் சொல்கிறார். லாரன்ஸ் கதை உண்மையாக இருக்கக்கூடிய காலம்தான் அது.

அம்புரோஸ் கையால் ஞானஸ்நானம் பெற்ற அகுஸ்தீனும் ஹிப்போவில் இப்படிப் பாத்திரங்களை உருக்கியிருக்கிறார். அதைச் சிலர் குறை சொன்னார்கள் என்று அவருடைய வாழ்க்கையை எழுதிய போசிதியு சொல்கிறார்.

இதுவரை வந்ததெல்லாம் நம் ஆட்களை நாம் மீட்ட கதை. இதில் என்ன பெரிதாக இருக்கிறது என்று யாராவது கேட்பீர்கள். அதற்காகத்தான் அமிதா நகரத்தைக் கடைசிப் பகுதிக்கு வைத்தேன்.

அமிதா இன்றைய துருக்கியின் தியர்பகிர். அன்று ரோமப் பேரரசின் கிழக்கு எல்லை. 421, 422-இல் ரோமுக்கும் பாரசீகத்துக்கும் சண்டை. பாரசீகத்தில் கிறிஸ்தவர்களுக்கு நடந்த கொடுமையும் அந்தச் சண்டைக்கு ஒரு காரணம். ரோமப் படை 7,000 பாரசீகரைப் பிடித்து வைத்துக்கொண்டு விட மறுத்தது. கைதிகள் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தார்கள். அமிதா பிஷப் அக்காசியு தன் குருமார்களைக் கூப்பிட்டார். நம் கடவுள் சாப்பிடுகிறவரும் அல்ல, குடிக்கிறவரும் அல்ல, அவருக்குத் தட்டும் கிண்ணமும் எதற்கு என்று கேட்டார். பொன் வெள்ளிப் பாத்திரங்களை உருக்கினார்கள். அந்தப் பணத்தில் ரோமப் படைவீரர்களிடமிருந்து கைதிகளை விலைக்கு வாங்கி, சில நாள் சோறு போட்டு, வழிச்செலவுக்கும் கொடுத்து, அவர்கள் ராஜாவிடமே அனுப்பி வைத்தார்கள். வரலாற்றாசிரியர் சோக்ரத்தேஸ் அந்தத் தலைமுறையிலேயே இதை எழுதி வைத்திருக்கிறார். (கிரேக்கத் தத்துவஞானி அல்ல, இவர் வேறு. மதிப்பெண் போய்விடும்.) பாரசீக ராஜா அசந்துபோய் அந்த பிஷப்பை நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டாராம், பேரரசன் இரண்டாம் தியோடோசியு அவரைப் போக அனுமதித்தாராம்.

அந்த 7,000 பேரும் நம்மைக் கொடுமைப்படுத்திய நாட்டைச் சேர்ந்தவர்கள். ஞானஸ்நானம் எடுத்தால் விடுதலை என்று பேரம் பேசியதாக சோக்ரத்தேஸ் எங்கும் சொல்லவில்லை. நான் இந்த வரலாற்றை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். இந்த இடத்தைத் தாண்டிப் போவது எனக்கு ஒவ்வொரு முறையும் கஷ்டமாக இருக்கிறது. நம் சபைத் தேர்தல்களில் ஒரே சாதிக்குள், ஒரே குடும்பத்துக்குள் நாம் பிரிந்து நிற்கும் அழகை நினைத்துக்கொள்வேன்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். விலை கொடுத்து மீட்ட இவர்களில் ஒருவரும், மனிதனுக்கு விலை வைக்கும் அடிமை முறையையே ஒழிக்க வேண்டும் என்று எழுந்து நிற்கவில்லை. அதற்கு உலகம் இன்னும் பல நூற்றாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்னொன்று, உருக்கிய சபைகள் பிறகு புதிய பாத்திரங்கள் செய்யாமலும் இல்லை. செய்தார்கள், அழகாகவே செய்தார்கள். ஆலயத்தில் பொன் இருக்கக் கூடாது என்று நான் வாதாட வரவில்லை, கோபுரம் கட்டுகிறவர்கள் என்மேல் கோபிக்க வேண்டாம். எது உருகலாம், எது உருகக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவுதான் நான் பார்ப்பது.

முடிக்கும் முன் ஒரு கிழவரைப் பற்றி. 455-இல் வாண்டல் அரசன் கைசெரிக் ரோமாபுரியைப் பதினான்கு நாள் கொள்ளையடித்து, கைதிகளைக் கப்பலில் ஏற்றிக் கார்த்தேஜுக்குக் கொண்டுவந்தான். கரையில் இறக்கி, புருஷனை ஒரு பக்கம் பெண்டாட்டியை ஒரு பக்கம், பிள்ளையை வேறொரு பக்கம் என்று பங்கு பிரித்தார்கள். கார்த்தேஜின் பிஷப் தியோகிராசியா வயதானவர், பதவிக்கு வந்து ஓராண்டுகூட ஆகியிருக்காது. பொன் வெள்ளிப் பாத்திரங்கள் அத்தனையும் விற்றார். குடும்பம் பிரியாமல் இருக்க வேண்டும் என்பதே அவர் குறி. மீட்டவர்களைத் தங்க வைக்க இடம் இல்லை. நகரத்தின் இரண்டு பெரிய ஆலயங்களைத் திறந்துவிட்டு, உள்ளே கட்டிலும் வைக்கோலும் போட்டார். கப்பல் பயணத்தில் நோய்ப்பட்டவர்கள் ஏராளம். மருத்துவர்களை அழைத்துக்கொண்டு படுக்கை படுக்கையாகப் போனார். பின்னாலேயே சாப்பாடு வந்தது. யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தார். இரவிலும் விடவில்லை, தூங்குகிறவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று தள்ளாடிக்கொண்டே ஒவ்வொரு படுக்கையாகப் போய்ப் பார்ப்பாராம். இதை எழுதியவர் விக்டர் என்ற ஆப்பிரிக்க பிஷப், சில பத்தாண்டுகளுக்குள் எழுதியிருக்கிறார்.

பிஷப்பாக மூன்று ஆண்டுகள்தான் இருந்தார், இறந்துபோனார். அவர் உடலின் ஒரு துண்டாவது தங்களுக்கு வேண்டும் என்று ஜனங்கள் பிய்த்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்து, கூட்டம் ஜெபத்தில் இருந்த நேரம் பார்த்து ஒருவருக்கும் தெரியாமல் அடக்கம் செய்துவிட்டார்கள்.