தப்பு அடித்த கையும் பொத்தான் தட்டும் விரலும்

தாள விளையாட்டு என்றதும், பிள்ளைகள் பொழுதை வீணாக்கும் சங்கதி என்று ஒதுக்கிவிடுகிறோம். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் நமக்கும் வேலை இருக்கிறது.

1996-ஆம் ஆண்டு ஜப்பானில் 'பராப்பா தி ரேப்பர்' வெளிவந்தது. திரையில் குறி வரும். தாளம் தவறாமல் பொத்தானை அழுத்த வேண்டும். 1998-இல் கொனாமி நிறுவனத்தின் 'டான்ஸ் டான்ஸ் ரெவலூஷன்' அந்தத் தாளத்தைக் காலுக்கு இறக்கியது. 2001-இல் நாம்கோ நிறுவனம் மேள வடிவக் கருவியையே இயந்திரத்தின் முன் வைத்து, கையில் குச்சியைக் கொடுத்தது.

நம் நாட்டிலோ, சூதாட்ட இயந்திரங்கள் பெருகிவிட்டதால், வீடியோ விளையாட்டு நிலையங்களின் உரிமத்தை நிறுத்தப் போவதாக 2000-ஆம் ஆண்டு அரசாங்கம் அறிவித்தது. அதன்பின் நம் இளையோர் சைபர் கஃபேக்களில் கொரியாவின் 'ஓ2ஜாம்' விளையாட்டில் தாளம் தட்டினார்கள்.

2005-இல் அமெரிக்காவில் வந்த 'கிட்டார் ஹீரோ' உலகையே ஆட்டியது. அதன் மூன்றாம் பதிப்பு மட்டும் நூறு கோடி டாலருக்கு மேல் விற்றது. ஆனால், ஆண்டுதோறும் பதிப்பு மேல் பதிப்பாக வந்ததில் மக்களுக்குச் சலித்துப் போனது. 2011-இல் அப்பிரிவையே மூடினார்கள். 2018-இல் 'பீட் சேபர்' வந்தது. முகத்தில் மாட்டும் மெய்நிகர்க் கருவியோடு இத்துறை மீண்டும் எழுந்தது. புதிய தாளம், புதிய அசைவு இருந்தால்தான் இது பிழைக்கும் என்பதே இதன் பாடம்.

அந்தப் புதுமை நம்மிடம் இருக்கிறது. இவ்விளையாட்டுகள் பெரும்பாலும் நான்கு தட்டுக் கணக்கிலேயே ஓடுகின்றன. நம்மிடமோ மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது என ஐந்து நடைகள் உண்டு. 'தகிட', 'தகதிமி' என்று வாயால் சொல்லிப் பழகிய பிறகே கை தோலைத் தொடும். திரையில் வரும் குறி செய்யும் வேலையை நம் சொற்கட்டு எப்போதோ செய்துவிட்டது.

செண்டாயான் போன்ற நெகிரி செம்பிலான் தோட்டப் பகுதிகளை எண்ணிப் பாருங்கள். தோட்டத்தில் திருவிழா என்றால் தப்பும் உறுமியும் இல்லாமல் நடக்காது. பெரியவர் அருகில் நின்று பார்த்துத்தான் பிள்ளைகள் கற்றார்கள். இன்று அந்த வட்டாரத்தில் பண்டார் ஸ்ரீ செண்டாயான் நகரம் எழுந்துவிட்டது. தோட்டங்கள் கலைந்து குடும்பங்கள் சிதறும்போது, அருகில் நின்று பார்க்கும் இடமும் போய்விடுகிறது.

விளையாட்டு அந்த இடத்தை முழுதாக நிரப்பாது. தீயில் காய்ச்சித் தோலை முறுக்கேற்றுவதையும், வளைந்த குச்சியால் உறுமியைத் தேய்த்து முனக வைப்பதையும் பொத்தான் கற்றுத் தராது. இயந்திரம் தன் வேகத்தில் ஓடும். மேளக்காரரோ சாமியாடுபவரின் காலைப் பார்த்து வேகத்தை மாற்றுவார்.

ஆனாலும் கணினி படிக்கும் நம் பிள்ளைகள் ஐந்தும் ஏழும் எண்ண வைக்கும் ஒரு தப்பு விளையாட்டை உருவாக்கலாம். அதற்கான அடிகளை, இன்னும் வாசித்துக் கொண்டிருக்கும் பெரியவர்களிடம் இப்போதே பதிவு செய்து கொள்ள வேண்டும். பிறகு அந்தப் பிள்ளையை அதே பெரியவரிடம் அழைத்துச் செல்வது பெற்றோரின் பொறுப்பு.