ஒற்றனுக்கு நடுகல் இல்லை

முன்னுரை

குற்றக் கூட்டத்தினுள் புகுந்து, அக்கூட்டத்தாருள் ஒருவனாகவே வாழ்ந்து, அதன் மறைகளைக் காவல்துறைக்கு அறிவிப்பவன் இன்றைய திரைப்படங்களில் அடிக்கடி காணப்படும் பாத்திரம். இவனை மேலைத் திரையிலிருந்து வந்தவன் என்று கருதுவோர் பலர். அவன் ஏந்தும் துப்பாக்கி புதிதாகலாம். அவன் பட்ட இக்கட்டு தமிழ் நூல்களுக்குப் புதிதன்று. அதனைச் சுருங்க எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூல்கள் கண்ட ஒற்றன்

நிரை கவரச் செல்லுமுன் பகைப்புலத்தை ஒற்றிவந்து உரைத்தலை 'வேய்' என்னும் வெட்சித் துறையாகப் புறப்பொருள் வெண்பாமாலை வகுத்துள்ளது. கவர்ந்த நிரையைப் பகிருங்கால் ஒற்றிவந்தோர்க்கு மிகுதியாக வழங்குதலை அந்நூல் 'புலனறி சிறப்பு' எனத் தனித்துறையாக்கியது. ஆயின் அச்சிறப்பு தம்மவர்க்குள் நிகழ்வது; ஊரறிய நிகழ்வதன்று.

திருக்குறளின் 59ஆம் அதிகாரமாகிய ஒற்றாடல் இதனினும் கூரிய நோக்குடையது. துறவியர் கோலத்தில் சென்று எத்துன்பம் நேரினும் தளராதிருத்தல், ஒருவன் கொணர்ந்த செய்தியை மற்றொருவன் வாயிலாகச் சரிபார்த்தல், ஒருவரையொருவர் அறியாதவாறு மூவரை ஏவுதல் என இன்றைய உளவுத்துறையும் வேண்டும் நெறிகளை அது கூறுகிறது. அதிகாரம் முடியும் இடம் நம் நெஞ்சைத் தைப்பது. ஒற்றனைப் பிறரறியச் சிறப்பித்தல் கூடாது. சிறப்பித்தால் மன்னன் தன் மறையைத் தானே வெளிப்படுத்தியவனாவான். பணி சிறக்கச் சிறக்கப் பெயர் மறைய வேண்டும் என்பதே அதன் கருத்து.

ஒற்று என்னும் ஐயம் புலவரையும் விட்டதில்லை. நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் வந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றனெனக் கருதி நெடுங்கிள்ளி கொல்ல முற்பட்டான். கோவூர்கிழார் பாடிக் காத்த அப்பாடல் புறநானூற்றில் 47ஆவதாக உள்ளது. இளந்தத்தனுக்காகப் பரிந்து பேச ஒரு புலவர் இருந்தார். மெய்யாகவே ஒற்றனாயின் அவனுக்காகப் பேச எவர் வருவார்?

கல் பெற்றவரும் பெறாதவரும்

நம் கீழ்பென்னாத்தூருக்கு மேற்கே, திருவண்ணாமலையைக் கடந்தால் செங்கம். அப்பகுதி நடுகற்கள் தமிழக வரலாற்றுக்குப் பெருஞ்சான்றுகள். மன்னனின் ஆட்சியாண்டு, வீரன் பெயர், நிரை மீட்டுப் பட்ட செய்தி ஆகியன வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. மீட்கச் சென்றவனுக்குக் கல் உண்டு. முன்சென்று ஒற்றியறிந்தவனுக்கு எழுத்தும் இல்லை, பீடும் இல்லை.

திரையில் ஒற்றன்

எம்.ஜி.ஆர். நடித்த 'காவல்காரன்' (1967) முதல் விஜய் நடித்த 'போக்கிரி' (2007) வரை, மறைந்திருந்த காவலன் ஈற்றில் தன் மெய்ப்பெயரோடு வெளிப்படுகிறான். இது காண்போர்க்கு மகிழ்ச்சி தரும் முடிவு. ஆயினும் குறள் கூறிய இக்கட்டு அங்கே கரைந்துவிடுகிறது.

அதனைக் கரைக்காது காட்டிய படம் பி.சி.ஸ்ரீராம் இயக்கிய 'குருதிப்புனல்' (1995). கோவிந்த் நிஹலானியின் 'துரோக்கால்' என்னும் இந்திப்படத்தின் தமிழாக்கம் இது. இந்திரா பார்த்தசாரதியின் புதினத்திற்கும் இதற்கும் பெயரொற்றுமையன்றி வேறு தொடர்பில்லை. பாடல்களே இல்லாத இப்படத்தில், ஆதிநாராயணன், அப்பாஸ் என்னும் அதிகாரிகள் இருவரைப் பயங்கரவாதக் குழுவினுள் அனுப்புகின்றனர். ஒற்றர் இருவருள் ஒருவன் மாள்கிறான். குடும்பத்திற்கு நேர்ந்த அச்சுறுத்தலால் ஆதியே துரோகியாகிறான். முடிவில், எஞ்சிய ஒற்றனின் மறைவு குலையாதிருக்க, அவன் கையாலேயே சாவை வேண்டிப் பெறுகிறான். உயிர் பிழைத்த ஒற்றன் வீடு திரும்பவில்லை. பகைவர் நடுவிலேயே நிற்கிறான்.

ஹாங்காங்கின் 'இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்' (2002) இதே நோவை வேறுவகையில் காட்டும். தன்னை அறிந்த மேலதிகாரி கொல்லப்பட்டபின் ஒற்றனுக்குச் சான்றாக எஞ்சுவது கணினிக் கோப்பு ஒன்றே; அதையும் பகைவனின் ஆள் அழித்துவிடுகிறான்.

அண்மை வரலாறு

திரைக்கு வெளியேயும் இது நிகழ்ந்தது. 2004 அக்டோபர் 18 அன்று தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே சந்தனக்கடத்தல் வீரப்பன் அதிரடிப்படையால் கொல்லப்பட்டான். அவன் ஏறிவந்த ஆம்புலன்சை ஓட்டியவர் மாறுவேடக் காவலரே. படைத்தலைவர் கே.விஜயகுமாரின் பெயரை நாடறியும். வண்டியோட்டியவரை அறிந்தோர் எத்துணைப்பேர்? பரிசும் பதவி உயர்வும் அதிரடிப்படை முழுமைக்கும் அறிவிக்கப்பட்டன. தனியொருவரைச் சுட்டாத அப்பரிசில் குறளின் நெறி பிழையாது நிற்பதைக் காணலாம்.

நிறைவுரை

அரசு ஒற்றனைப் போற்றினால் அவன் அழிவான், போற்றாதுவிட்டால் மறக்கப்படுவான். இவ்விரண்டிற்கும் இடையே ஒரு வழியே உள்ளது. பெயர் சொல்லாமல் அவன் பட்ட பாட்டை மட்டும் சொல்லுதல். கல்வெட்டால் அது இயலாது, பெயரின்றிக் கல்லில்லை. கதையாலும் கவிதையாலும் இயலும். 'குருதிப்புனல்' செய்தது அதுவே. மறவர்க்குப் பாடாண் பாடிய மரபில் வந்த நம் வட்டத்துக் கவிஞர்கள், பாடப்பெறாத இம்மனிதரையும் தம் பாடுபொருளாகக் கொள்வார்களாக.